சப்பாத்தியின் மேல் ஒரு சந்தேகம்

நம் பக்கத்து வீடுகளில் கோதுமைக்கு என்று ஒரு தனி மரியாதை உண்டு. சாதம் அன்றாடச் சமாசாரம், கோதுமை விசேஷம். அமாவாசை, கிருத்திகை என்று இரவுச் சாதத்தை விட்டால் பலகாரத்துக்கு ரவை உப்புமா அல்லது சப்பாத்தி. உடம்பு சற்றுப் பெருத்துவிட்டால், "சாதத்தைக் குறையுங்கள், ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக் கொள்ளுங்கள்" என்பார் டாக்டர். ஜுரம் விட்ட குழந்தைக்குப் பாலும் ரொட்டியும். நோஞ்சான் குழந்தைக்கு மால்ட் கலந்த பானம். இப்படி மருந்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆசனம் போட்டு உட்கார்ந்திருக்கும் தானியத்தின் மேல் யாருக்காவது சந்தேகம் வருமா? எனக்கு வந்தது. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியவள் என் பேத்தி.

என் பிள்ளைக்கு டில்லியில் உத்தியோகம். மருமகள் பஞ்சாபி. லூதியானாவுக்கு அருகில் ஒரு கிராமம் அவள் பிறந்தகம்; தலைமுறை தலைமுறையாகக் கோதுமை விளைவிக்கிற குடும்பம். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே "சாப்ட்டாச்சா?" என்ற ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு, அதை வைத்தே எங்கள் உறவினர்களில் பாதிப் பேரை வசப்படுத்தி விட்டாள். மீதிப் பாதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பேத்தி பிறந்து முதல் இரண்டு வருஷம் கொழுகொழு என்றுதான் இருந்தாள். மூன்று வயதுக்கு மேல் ஏதோ மாறிவிட்டது. கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் உப்பல். முகம் வெளுத்துவிட்டது. ஒரு வாரம் வயிற்றுப் போக்கு, ஒரு வாரம் சும்மா இருக்கும், மறுபடியும் ஆரம்பம். விளையாடப் போனால் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து சோபாவில் சுருண்டு கொள்வாள். தொட்டதற்கெல்லாம் அழுகை. போன தீபாவளிக்கு எடுத்த கவுன் இந்தத் தீபாவளிக்கும் அளவாக இருந்தது. துணி வாங்குகிறவருக்கு அது சிக்கனம். பெற்றவளுக்கு வயிற்றில் நெருப்பு.

டாக்டரிடம் போகாமல் இல்லை. ஒருவர் பூச்சி மருந்து கொடுத்தார். ஒருவர் பாலை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.1 என்று வந்ததும் இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் தவறாமல் கொடுத்த பிறகு பார்த்தால் 8.3! ஊற்றிய டானிக்கெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இங்கேதான் அந்த மீதிப் பாதி உறவினர்கள் வாயைத் திறந்தார்கள். "குழந்தைக்கு வேளா வேளைக்கு ஊட்டத் தெரிய வேண்டாமா? அவளே எப்போது பார்த்தாலும் களைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறாள்" என்று என் ஓரகத்தி ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். மருமகளுக்கு அத்தனை தமிழ் புரியாது என்பது அவள் நினைப்பு. ஆனால் நிந்தைக்கு மொழி வேண்டியதில்லையே! அன்று இரவு அந்தப் பெண் சாப்பிடவில்லை.

2022-ஆம் வருஷம் மே மாதம் லீவுக்குப் பேத்தியை மாம்பலத்துக்கு அழைத்து வந்தோம். அவளுக்கு அப்போது ஐந்து வயது. டில்லிப் பள்ளிக்கூடங்களில் கோடை லீவு ஜூன் முடிய உண்டு; ஆக முழுசாக ஆறு வாரம் என்னோடு இருந்தாள். காலையில் இட்லி, மத்தியானம் பருப்புச் சாதம், ராத்திரி தயிர்ச் சாதம்: எங்கள் வீட்டில் வழக்கமாக நடக்கிற சமையல்தான். இரண்டாவது வாரம் வயிற்றுப் போக்கு நின்றது. மூன்றாவது வாரம் உப்பல் குறைந்து, பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. நான்காவது வாரம், "பாட்டி, இன்னும் ஒரு இட்லி" என்று தானாகக் கேட்டாள்.

"பாட்டி கை மணம்!" என்றார் என் வீட்டுக்காரர். புகழ் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் ஐந்தாவது வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். இரண்டு நாள் விருந்து. கேசரி, பூரி, சேமியாப் பாயசம் எல்லாவற்றையும் குழந்தை ஆசையாகத் தின்றாள். திரும்பி வந்த மூன்றாம் நாள் பழைய கதை: வயிறு உப்பல், போக்கு, அழுகை. விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் அதே விருந்தில் சாம்பார், பொரியல், அப்பளம், அவியல் எல்லாம் இருந்தன. அவற்றை நம் வீட்டிலும்தான் சாப்பிடுகிறாள். புதிதாக உள்ளே போனவை எவை? கேசரி, பூரி, சேமியா. மூன்றுக்கும் தாய் ஒன்றுதான்: கோதுமை.

மளிகைக் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டேன். இடது பக்கம் சாப்பிட்டது. வலது பக்கம் வயிற்றின் நிலை. டில்லிக்குத் திரும்பியதும் மருமகளையும் அப்படியே எழுதச் சொன்னேன். ஜூலை பூராவும் எழுதினாள். காலையில் பராத்தா, பள்ளிக்கூட டப்பாவில் ரொட்டி, ராத்திரி சப்பாத்தி. வலது பக்கத்தில் முதல் வாரம் "சரி" என்று இருந்தது இரண்டாம் வாரத்திலிருந்து மாறிவிட்டது. மாதக் கடைசியில் என் பிள்ளை டெலிபோனில், "அம்மா, நாளையிலிருந்தே வீட்டில் கோதுமை கிடையாது. எல்லாரும் சாதம்தான்" என்றான்.

சாதாரணமாக எந்தத் தகப்பனுக்கும் தோன்றக் கூடியதுதான். ஆனால் மருமகள் மட்டும், "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்தலாம்" என்று பிடிவாதமாக நின்றாள். அவள் நின்றது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்த குழந்தை வைத்தியர் முதலில் சொன்ன வார்த்தையே இதுதான்: "கோதுமையை நிறுத்தாதீர்கள். பரிசோதனை முடியும் வரை தினமும் கொடுங்கள்."

அது ஏன் என்பதை இந்தக் கட்டுரையைப் படிக்கும் சகோதரிகள் நன்றாக மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் 'குளூட்டன்' என்ற ஒரு புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவைப் பிசைந்தால் ரப்பர் போல இழுபடுகிறதே, அந்தப் பிசுக்குக் குணம் இதனால் வருவதுதான். சிலர் உடம்பில் இந்தப் புரதம் போனதும், உடம்பைக் காக்க வேண்டிய காவற்படை தன் சொந்தக் குடலையே சத்துரு என்று எண்ணித் தாக்க ஆரம்பித்துவிடுகிறது. இந்த நோய்க்குப் பெயர் 'சீலியாக்'. இது அஜீரணமும் அல்ல, சாதாரண அலர்ஜியும் அல்ல. தாக்குதல் நடக்கிறபோது ரத்தத்தில் சில எதிர்ப்புப் பொருள்கள் உண்டாகின்றன. அவற்றைத்தான் பரிசோதனையில் தேடுகிறார்கள். கோதுமையை நிறுத்திவிட்டால் சண்டை நின்றுவிடும். எதிர்ப்புப் பொருள்களும் மெள்ள மெள்ள மறைந்துவிடும். குடலும் ஆற ஆரம்பித்துவிடும். அப்புறம் பரிசோதனை செய்தால், நோய் இருக்கிறவருக்கும் "ஒன்றுமில்லை" என்று பதில் வந்துவிடலாம். திருடன் ஓடின பிறகு போலீஸை அழைத்த கதைதான். உண்மையைத் தெரிந்துகொள்ள மறுபடியும் வாரக் கணக்கில் கோதுமையைத் தின்று, நோயை வரவழைத்துக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். வளர்கிற குழந்தைக்கு அந்தக் கஷ்டத்தை எந்தத் தாய்தான் விரும்புவாள்?

முதல் பரிசோதனை ரத்தத்தில். 'டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ.' என்று அதற்குப் பெயர். அதோடு மொத்த 'ஐ.ஜி.ஏ.' எவ்வளவு என்றும் சேர்த்துப் பார்த்தார்கள். சிலர் உடம்பில் இந்த ஐ.ஜி.ஏ. என்ற சரக்கே பிறவியில் குறைவாக இருக்குமாம். அவர்களுக்கு முதல் பரிசோதனை மட்டும் செய்தால் நோய் இருந்தும் இல்லாதது போல் காட்டிவிடும். பேத்திக்கு ஐ.ஜி.ஏ. சரியாக இருந்தது, டி.டி.ஜி.யோ உச்ச வரம்புக்கு ஆறு மடங்கு. "சந்தேகம் பலமாகிவிட்டது. ஆனால் குடலைப் பார்த்துத்தான் தீர்மானம்" என்றார் டாக்டர். பத்து மடங்குக்கு மேல் போனால், சில குழந்தைகளுக்கு இன்னொரு ரத்தப் பரிசோதனையோடு முடித்துக்கொள்வதும் உண்டாம். இவளுக்கு அப்படி இல்லை. எண்டாஸ்கோப்பி என்னும் குழாய்ப் பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாள் கழித்து நேரம் கிடைத்தது.

இதைக் கேட்டதும் நான் ரயிலேறி டில்லிக்குப் போய்விட்டேன். அந்தப் பன்னிரண்டு நாளைப் போல நீளமான நாட்களை நான் பார்த்ததில்லை. எது குழந்தையைப் படுத்துகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதையே தினமும் தட்டில் வைக்க வேண்டும். மருமகள் மாவு பிசையும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். ஒரு நாள் இரவு குழந்தை தட்டைத் தள்ளிவிட்டு, "ரொட்டி சாப்பிட்டால்தானே வயிறு வலிக்கிறது? தெரிந்தும் ஏன் தருகிறாய்?" என்று கேட்டாள். ஐந்து வயதுக் குழந்தையின் கேள்வி! நானும் என் பிள்ளையும் வாயடைத்துப் போனோம்.

மருமகள்தான் அவளை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "உன் வயிற்றுக்கு வாய் கிடையாது, கண்ணே. டாக்டர் உள்ளே வந்து பார்க்கிறபோது, இந்த ரொட்டிதான் என்னைப் படுத்துகிறது என்று அது காட்டிக் கொடுக்க வேண்டும். இன்னும் ஐந்து நாள். அப்புறம் ஜன்மத்துக்கும் வேண்டாம்."

குழந்தை யோசித்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். பிறகு பாதி ரொட்டியைத் தின்றாள். மீதிப் பாதியை அவள் அம்மா வற்புறுத்தவில்லை.

குழாய்ப் பரிசோதனை என்றால் பயந்துவிடாதீர்கள். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, விரலைவிட மெல்லிய குழாயை வாய் வழியாகச் சிறுகுடலின் ஆரம்பம் வரை விட்டு, கடுகளவு துணுக்குகள் சிலவற்றை எடுத்து வந்துவிட்டார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. விழித்ததும் தொண்டை கரகரவென்கிறது என்றாள். சாயங்காலத்துக்குள் அதுவும் போய்விட்டது.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. சீலியாக் நோய்தான்.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். "டர்க்கி டவல் பார்த்திருக்கிறீர்களா? அதில் சின்னச் சின்ன நூல் சுருள் எழும்பி நிற்கும். அதனால்தான் அது ஈரத்தை நன்றாக உறிஞ்சுகிறது. சிறுகுடலின் உட்புறமும் அப்படித்தான். லட்சக்கணக்கான குட்டி விரல்கள் சத்தை உறிஞ்சுகின்றன. இவளுக்கு அந்த விரல்கள் தேய்ந்து, பழைய வேஷ்டி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. இரும்புச் சத்து உறிஞ்சப்படுவது இந்த ஆரம்பப் பகுதியில்தான். பிறகு டானிக் எங்கே ஒட்டும்?" எங்கள் வீட்டு டானிக் போன இடம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மருந்து என்ன என்று கேட்டோம். "மாத்திரை கிடையாது. ஊசி கிடையாது. கோதுமையும் பார்லியும் ரையும் ஆயுள் பூராவும் கூடாது. அவ்வளவுதான் வைத்தியம்" என்றார்.

இந்த வைத்தியம் கண்டுபிடிக்கப்பட்ட கதை ரசமானது. 1888-இல் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற டாக்டர் இந்த நோயைத் தெளிவாக வர்ணித்து, குணமாக்க வழி உண்டென்றால் அது ஆகாரத்தில்தான் இருக்கும் என்று எழுதினார். எந்த ஆகாரம் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற டாக்டர் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய ஆகாரமாகக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். வாழைப்பழத்தில் ஏதோ மகத்துவம் இருக்கிறது என்று உலகம் நம்பியது. நம் ஊர்க்காரர்களுக்குக் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால் உண்மையில் குழந்தைகளைக் காப்பாற்றியது அந்த ஆகாரத்தில் ரொட்டி இல்லாமற் போனதுதான்.

முடிச்சை அவிழ்த்தவர் ஹாலந்து தேசத்தைச் சேர்ந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியர். ரொட்டியை நிறுத்தினால் என் குழந்தைக்குச் சுகமாகிறது என்று ஒரு தாய் சொன்ன வார்த்தைதான் அவரைச் சிந்திக்க வைத்தது என்று சொல்வார்கள். பிறகு இரண்டாம் உலக யுத்தம். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கொடிய பஞ்சம், ரொட்டிக்கு வழியில்லை. ஊரெல்லாம் பட்டினியில் வாடியபோது, இந்த நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. டிக்கே தம் ஆராய்ச்சியை 1950-இல் உட்ரெக்ட் சர்வகலாசாலையில் சமர்ப்பித்தார். உலகத்து டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்தில், பெயர் தெரியாத ஒரு தாய் அடுப்பங்கரையில் கவனித்தது முதல் துப்பாக இருந்திருக்கிறது. என் மளிகை நோட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது என்றால் நீங்கள் மன்னிக்க வேண்டும்.

கதை இத்தோடு முடியவில்லை. இது குடும்பத்தில் ஓடுகிற நோய் என்பதால், பெற்றோர் இருவரும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மருமகளுக்கு இருந்தது!

வயிற்றுப் போக்கு என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் காலேஜில் படித்த நாளிலிருந்து ரத்த சோகை. வருஷத்தில் பாதி நாள் இரும்பு மாத்திரை. வாயில் அடிக்கடி புண். மாலையானால் எலும்பெல்லாம் வலி. "பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், வைத்தியரும் சொன்னார். பெரியவர்களுக்கு இந்த நோய் வயிற்றைத் தொடாமலே வெறும் சோகையாகவும் களைப்பாகவும் மறைந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. "எப்போது பார்த்தாலும் களைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறாள்" என்று கல்யாண வீட்டில் விழுந்த சொல்லுக்கு, ஒரு காகிதத்தில் அச்சடித்த பதில் கிடைத்துவிட்டது. அவள் அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். யாரிடமும் காட்டிப் பேசவில்லை. நான்தான் ஓரகத்திக்கு டெலிபோன் செய்து விவரமாகச் சொன்னேன். மறுமுனையில் வெகு நேரம் பேச்சில்லை.

அப்புறம் அவளே, "அப்படியானால் இது பஞ்சாபி ரத்தத்தோடு வந்ததா?" என்றாள். பலருக்கும் இந்த எண்ணம் இருப்பதால் அதற்கும் பதில் சொல்லி விடுகிறேன். 2016-இல் நம் தேசத்து டாக்டர்கள் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், ரத்தத்தில் இந்த எதிர்ப்புப் பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கே 0.87 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் இருந்தது. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு மூன்று பகுதியிலும் ஏறக்குறைய சமமாக, நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் இருந்தது. வித்தியாசத்துக்குத் தின்கிற கோதுமையின் அளவும் ஒரு காரணமாக இருக்கலாம். விதை நம்மிடமும் இருக்கிறது. வடக்கே அதற்குத் தண்ணீர் ஜாஸ்தி. இப்போது நம் வீடுகளிலும் ராத்திரிக்கு ராத்திரி சப்பாத்தியும், கடைப் பரோட்டாவும், பிஸ்கட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. ஆகவே "நமக்கு வராது" என்று அலட்சியமாக இருப்பதற்கில்லை. அந்தப் பரம்பரைக் கூறு இருக்கிறவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் நோய் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; வீணாகப் பயப்பட வேண்டாம்.

பேத்திக்கு ரொட்டி நின்ற அன்று, மருமகள் தன் குழாய்ப் பரிசோதனைக்காக இன்னும் பத்து நாள் ரொட்டி தின்ன வேண்டியிருந்தது. குழந்தை தூங்கின பிறகு அடுப்படியில் நின்றபடியே தின்று முடிப்பாள்.

வீட்டில் கோதுமையை ஒழிப்பது என்றால் சப்பாத்தியை நிறுத்தினால் போதும் என்று நினைத்தோம். சமையலறையைச் சோதனை போட்டபோதுதான் அது எத்தனை வேஷத்தில் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. மைதா, ரவை, சம்பா ரவை, சேமியா, ரஸ்க், பிஸ்கட் இவை வெளிப்படை. மால்ட் கலந்த சத்துப் பானங்களில் பார்லியோ கோதுமையோ இருக்கும். சோயா சாஸில் கோதுமை உண்டு. எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது பெருங்காயம்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்துதான் கட்டியாகவும் தூளாகவும் செய்கிறார்கள். டப்பாவைத் திருப்பிப் படித்தால் எழுதியிருக்கும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. தேடி வாங்க வேண்டும்.

பாத்திரங்களிலும் ஜாக்கிரதை தேவை. சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வார்க்கக் கூடாது. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது. மாவு மில்லில் நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால், நம் அரிசி மாவிலும் அது கலந்துவிடும். கடைச் சாமான்களில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு சிட்டிகை மாவுகூட ஆகாது என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி.

ஆனால் நம்முடைய சமையலைப் போலக் கை கொடுக்கும் சமையல் வேறு ஏது? இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, அடை, வடை, பொங்கல், கேழ்வரகுக் கூழ், கம்பஞ்சோறு, சோள தோசை, தினை, சாமை, வரகு, ஜவ்வரிசிப் பாயசம் எதிலும் குளூட்டன் கிடையாது. மேல்நாட்டில் இந்த நோய்க்காரர்கள் தனி ரொட்டிக்கு விலை கொடுத்து மாளவில்லை என்கிறார்கள். நம் பாட்டிமார் இதற்கென்றே சமைத்து வைத்துவிட்டுப் போனது போல் இருக்கிறது. நம் வீட்டு மருமகள் இப்போது வார்க்கும் அடையைச் சாப்பிட்டால், அவள் லூதியானாக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மிகவும் கஷ்டமாக இருந்தது சம்பந்தி வீட்டாருக்குச் சொல்வதுதான். சம்பந்தி அம்மாள் ஒவ்வொரு வருஷமும் அறுவடை ஆனதும் தங்கள் வயல் கோதுமையை மூட்டை கட்டிப் பெண்ணுக்கு அனுப்புவாள். அந்த அம்மாளிடம் போய், உங்கள் வயலில் விளைந்தது உங்கள் பெண்ணுக்கும் பேத்திக்கும் ஆகாது என்று எப்படிச் சொல்வது? மருமகள் சொன்னபோது, "எங்கள் மண் விஷமா?" என்று கேட்டு அழுதாளாம். மண்ணிலும் குற்றமில்லை, கோதுமையிலும் குற்றமில்லை, சிலர் குடலுக்கு அது சேரவில்லை, அவ்வளவுதான் என்று டாக்டரே டெலிபோனில் எடுத்துச் சொன்ன பிறகுதான் சமாதானமானாள்.

2023 செப்டம்பரில், பத்தியம் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆனபோது பரிசோதனை செய்தார்கள். பேத்தியின் ஹீமோகுளோபின் 11.9. டி.டி.ஜி. ஏறக்குறைய வரம்புக்குள் வந்துவிட்டது. ஒரு வருஷத்தில் இரண்டு அளவு கவுன் மாற்ற வேண்டியிருந்தது. செலவைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை. மருமகளுக்கும் சோகை தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பிறந்த நாள் கேக் கொடுத்தால், குழந்தை வாங்கிப் பக்கத்துத் தோழியிடம் கொடுத்துவிட்டு, தன் டப்பாவிலிருந்து தேங்காய் பர்பி எடுத்துத் தின்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவள் கற்றுக்கொண்டதே பிஸ்கட் பொட்டலங்களின் பின்பக்கத்தில்தான்.

வயிறு உப்பினால் எல்லாம் கோதுமை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பூச்சியாக இருக்கலாம், பால் சேராததாக இருக்கலாம், வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம். சீலியாக் இல்லாமலே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. முதலில் இருப்பது இதுவா அதுவா என்று தெரிய வேண்டும். ஆனால் டானிக்குக்கு அசையாத சோகை, காரணம் தெரியாத வயிற்றுப் போக்கு, வளராத குழந்தை, ஓயாத களைப்பு, குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இந்த நோய் என்று இருந்தால், "சீலியாக்குக்கு ரத்தம் பார்க்கலாமா, டாக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள். தென்னாட்டில் இது அபூர்வமானதால் அவருக்கு உடனே நினைவு வராமல் இருக்கலாம். நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு போங்கள். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். இந்த வரிசை மட்டும் மாறக் கூடாது. ஆயுள் முழுவதும் காக்க வேண்டிய பத்தியத்தை வெறும் ஊகத்தின் மேல் கட்ட முடியாது.

சம்பந்தி அம்மாள் இப்போது கோதுமை மூட்டை அனுப்புவதில்லை. அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் மக்காச்சோள ரொட்டியும் கடுகுக் கீரை மசியலும் வெகு பிரசித்தம். அதில் கோதுமை கிடையாது. அதற்கென்று ஒரு கல் யந்திரத்தைத் தனியாக ஒதுக்கி, வேறு தானியம் படாமல், தம் கையாலேயே மக்காச்சோளத்தை அரைத்து அனுப்புகிறாள். பையின் மேல் பேத்தியின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறாள். ஓர் எழுத்து தலைகீழாக இருக்கிறது. நாங்கள் அதைத் திருத்தச் சொல்லவில்லை.